காலை நேரத்து வயிற்று வலி

ஆம்பூரில் பொழுது விடிந்து, பாதரட்சைத் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் கூட்டங்கூட்டமாகப் புறப்படும் வேளை. அந்த வேளை பார்த்துத்தான் சில வீடுகளில், "அம்மா, வயிறு வலிக்கிறது!" என்று ஒரு தீனக் குரல் எழுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வலி எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ, தெரியவில்லை! தகப்பனார், "எல்லாம் பாசாங்கு" என்று கையை ஓங்குகிறார். பாட்டி, "கண் பட்டுவிட்டது" என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுகிறாள். தாயாரோ ஒரு நாள் கூலியை இழந்து வீட்டில் தங்கிவிடுகிறாள்.

நேயர்களே, அந்த வலி பொய்யன்று. மனத்தில் பயம் மிகும்போது இருதயம் படபடக்கிறது, வயிறு கலங்குகிறது. பயத்தைச் சொல்லக் குழந்தைக்கு வார்த்தை கிடைக்காததால் வயிறு அதற்காகப் பேசுகிறது. இரவில் தூக்கமின்மை, ஓயாமல் ஒரே கேள்வியைக் கேட்பது, தாயின் முந்தானையை விடாதிருப்பது, காரணமில்லாத சிடுசிடுப்பு ஆகியவையும் அதன் பாஷையே.

நாம் செய்ய வேண்டுவது என்ன? முதலில் வைத்தியரிடம் காட்டி, உடலில் நோய் இல்லையென்று நிச்சயித்துக்கொள்வோம். பிறகு, அருகில் உட்கார்ந்து, "உனக்குப் பயமாயிருக்கிறதா, கண்ணே?" என்று கேட்போம். பரிகாசம் வேண்டாம், பூச்சாண்டியும் வேண்டாம். ஆனால் பள்ளிக்கூடத்தை அடியோடு நிறுத்திவிடுவதும் தவறு. விலக விலகப் பயம் வளரும். இன்று வாசல் வரை, நாளை ஒரு மணி நேரம் என்று, உபாத்தியாயரையும் துணை சேர்த்துக்கொண்டு, படிப்படியாகப் பழக்க வேண்டும். உபாத்தியாயரின் பிரம்போ சக மாணவர்களின் தொல்லையோ பயத்துக்குக் காரணமானால், முதலில் திருந்த வேண்டியது குழந்தையல்ல.

வாரக்கணக்கில் நீடித்து, உணவும் உறக்கமும் படிப்பும் கெடுமானால் தயங்கலாகாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-ல் பாகாயத்தில் மனநல மையம் ஏற்படுத்தியது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறையை நம் தேசத்தில் ஆரம்பத்திலேயே கைக்கொண்ட இடங்களில் அதுவும் ஒன்று. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவும் அங்கே உண்டு. வேலூர் வரை போக இயலாதவர்கள், மத்திய சர்க்கார் 2022-ல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

பச்சைத் தோல் ஒரே நாளில் பதமாகிவிடாது என்பதைப் பாலாற்றங்கரை மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. தோலுக்குக் காட்டும் அந்தப் பொறுமையில் பாதியையாவது, நம் மடியில் முகம் புதைத்து அழும் குழந்தைக்குக் காட்டலாகாதா?