சாவா மூவாக் கடன்

செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்திருக்கிறது சீயமங்கலம். பல்லவன் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து அமைத்த தூணாண்டார் கோயில் அங்கே உண்டு. காணச் செல்வோர் தூணில் ஆடும் கூத்தனைக் கண்டு வியப்பர், சிங்கத் தூண்களைத் தொட்டுப் பார்ப்பர், திரும்புவர். தோழரே, கலையின் பெருமை பேச இன்று நான் வரவில்லை. கணக்குப் பேச வந்திருக்கிறேன்!

தமிழகத்துக் கோயிற் சுவர்களிலே வெட்டப்பட்ட எழுத்தெல்லாம் பக்திப் பாடல் என்று எண்ணியிருப்போர் பலர். படித்துப் பாருங்கள். பெரும்பாலும் வரவு செலவுதான்! இன்னார் இவ்வளவு பொன் கொடுத்தார், அதன் பலிசை இவ்வளவு, அதைக் கொண்டு இன்ன செலவு செய்க என்ற கணக்கு. பலிசை என்றால் வட்டி. நந்தா விளக்கு எரிக்க 90 ஆடுகள் விடுவர், சில இடங்களில் 96. அவற்றுக்கு அந்நாள் எழுத்தர் இட்ட பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு சாகாதா? சாகும். மூப்பு அடையாதா? அடையும். ஆயினும் செத்ததற்கு ஈடாகக் குட்டி வளரும். எண்ணிக்கை குறையாமல் காப்பது இடையன் பொறுப்பு. முதல் அப்படியே நிற்க, நெய் மட்டும் நாள் தவறாமல் கோயிலுக்குச் சென்றுகொண்டே இருக்கும்.

அழகான ஏற்பாடு. முதலுக்கு உரியவனுக்கு!

ஆட்டை வளர்த்தவனின் பக்கம் நின்று அதே ஏற்பாட்டைப் பாருங்கள், தோழரே. அவன் எத்தனை ஆண்டு நெய் அளந்தாலும் ஆடு 90 தான். அவன் மகன் அளந்தாலும் 90. இன்று நம் தோழர்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படியொரு மந்தை மேய்கிறது? ஆடு அல்ல, கடன். சாவா மூவாக் கடன்! திங்கள்தோறும் நெய் போகிறது, நம் வீட்டில் விளக்கு எரியவில்லை.

மிகைப்படுத்துகிறேன் என்பீரேல், ஒரு கணக்குப் போடுவோம். செஞ்சி வட்டாரத்தில் மல்லாட்டையும் நெல்லும் பயிரிட்டு, ஓய்ந்த நாளில் கூலி வேலைக்கும் போகிற குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மகள் திருமணத்தின்போது அடகுக்கடையில் நகை வைத்து 50,000 ரூபாய், நூற்றுக்கு இரண்டு வட்டி. மருத்துவச் செலவுக்கு ஊரில் ஒருவரிடம் 30,000 ரூபாய், நூற்றுக்கு மூன்று வட்டி. திங்களுக்கு நகைக்கு 1,000, கைக்கடனுக்கு 900, ஆக 1,900 ரூபாய். மூன்றாண்டில் 68,400 ரூபாய்! இவ்வளவும் கட்டியபின் அசல் எவ்வளவு? அதே 80,000. ஒரு காசு குறையவில்லை.

‘மூன்று வட்டிதானே’ என்று நம் மக்கள் எளிதாகச் சொல்வர். மூன்று என்பது திங்களுக்கு. ஆண்டுக்கு 36 என்று அந்தச் சொல் காட்டிக்கொடுப்பதில்லை. தண்டலுக்கோ இன்னும் கெட்டிக்காரத்தனம். பத்தாயிரம் என்பார்கள், முன்கழிவு போகக் கையில் வருவது 8,500. நாளொன்றுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்டவேண்டும். கடன் நாளுக்கு நாள் கரைவதால் அந்த நூறு நாளில் சராசரியாக நம்மிடம் இருந்த அவர் பணம் 4,250 ரூபாய்தான். அதற்கு நாம் தந்த வட்டி 1,500. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு 125-க்கும் மேல்! கடைத்தெருவில் கத்தரிக்காய் விலையில் இரண்டு ரூபாய் குறைக்கக் கால்மணி நேரம் பேசுகிற நாம், இந்த விலையைப் பேசாமலே வாங்கிவருகிறோம்.

இது யாரோ ஒருவர் வீட்டுக் கதையும் அன்று. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் எல்லையோரச் சிற்றூர்களில், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தோர் 2010-லும் மீண்டும் 2016-17-லும் வீடு வீடாகச் சென்று கடன் கணக்கெடுத்தனர். கடனில்லாக் குடும்பம் காண்பதே அரிதாக இருந்தது. ஒரே வீடு ஒரே நேரத்தில் பல இடங்களில் வாங்கியிருந்தது. ஒருவரிடம் வாங்கி மற்றவருக்கு அடைப்பதே வாழ்க்கையாய் இருந்தது. 2019-இல் ஒன்றிய அரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டு உழவர் குடும்பங்களில் நூற்றுக்கு 65 கடன்பட்டவை என்றது. சராசரிக் கடன் ஒரு இலட்சத்து ஆறாயிரத்துக்கும் மேல்.

‘ஏழை சிக்கனமாக இல்லை, அதனால் கடன்’ என்று சொல்வதற்கென்றே சிலர் மேடை போட்டுக் காத்திருக்கின்றனர். ஒரு புடவையை மூன்று தீபாவளிக்குக் கட்டுகிறவளிடம் சிக்கனம் பேச அவர்களுக்கு வெட்கமில்லை. பஞ்சம் வந்தபோது கொடுத்தவன் பத்திரம் எழுதிக்கொண்டான். மணிலாப் பயிர் இங்கே பரவிப் புதுச்சேரித் துறைமுகம் வழியே பிரான்சு நாட்டு எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறிய காலத்தில், விதைக்கும் முன்பே முன்பணம் தந்து விளைச்சலைப் பிடித்துக்கொண்ட வணிகர்களும் உண்டு. இதிலே எங்கே ஊதாரித்தனம்?

சட்டங்கள் வராமல் இல்லை. 1938-ஆம் ஆண்டுச் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அசலைப்போல் இரு மடங்கு கட்டியிருந்தால் அந்தக் கடனே தீர்ந்தது என்றது. கொண்டுவந்தவர் இராஜாஜி; மாற்றார் செய்ததாயினும் நல்லதை நல்லது என்போம். 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. 2025-இல், மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தண்டிக்கும் சட்டம் வந்தது. கூட்டுறவுப் பயிர்க்கடன் 2006-இல் ஏறத்தாழ 7,000 கோடியும், 2021-இல் 12,110 கோடியும் தள்ளுபடியாயின. 2021-இல் 5 சவரன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடியும் அறிவிக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் தள்ளுபடி எதைத் தொட்டது? கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டை. ஊர்ப் பெரியவரின் சின்ன நோட்டுப் புத்தகத்தை எந்த அரசாணையும் தொடவில்லை, தொடவும் முடியாது. அதை நம் ஏடுதான் தொடவேண்டும்.

ஏடா? நம் வீட்டிலா? ஏன் இல்லை, மொய் நோட்டு இருக்கிறதே! எந்தத் திருமணத்தில் எவர் எவ்வளவு எழுதினார் என்று முப்பதாண்டுக் கணக்கைப் பேரன் எடுத்துத் தருகிறான். பேராவூரணிப் பக்கம் ஆடி ஆவணியில் மொய் விருந்து என்றே பந்தல் போட்டு, பல இலட்சம் திரட்டி, வரி பிசகாமல் எழுதிவைத்துத் திருப்பிச் செய்கின்றனர். கணக்கறியாத மக்களா நாம்? வெட்கம் இல்லாத இடத்தில் எழுதுகிறோம், வெட்கப்படும் இடத்தில் எழுதாமல் விடுகிறோம். அவ்வளவே. கணவன் வாங்கிய கைமாற்று மனைவிக்குத் தெரியாது. மனைவி குழுவில் எடுத்த கடனின் மீதம் கணவனுக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினால் முதல் நாள் சண்டை வரும். வரட்டும்!

எழுதியபின் என்ன செய்வது? மேலே சொன்ன குடும்பத்துக்கே வருவோம். வட்டிக்குப் போகும் 1,900-உடன் இன்னும் 1,600 சேர்த்துத் திங்களுக்கு 3,500 ஒதுக்க முடிந்தால், நகைக்கு வட்டி 1,000 மட்டும் கட்டிவிட்டு மீதி 2,500-ஐ மூன்று வட்டிக் கடன்மேல் செலுத்தவேண்டும். எது பெரிய தொகை என்று பார்க்கவேண்டா, எது பெரிய வட்டி என்று பாருங்கள். பதினைந்து திங்களில் அந்தக் கடன் ஏறத்தாழத் தீரும். பிறகு 3,500 முழுவதும் நகையின்மேல் போனால், மேலும் பதினேழு திங்களில் நகை வீடு வந்து சேரும். மூன்றாண்டுக்கும் குறைவு! அதே மூன்றாண்டில்தான் முன்பு 68,400 கட்டியும் அசல் அசையாமல் நின்றது.

‘அசலைத் துண்டு துண்டாக வாங்கமாட்டேன், முழுதாகக் கொண்டுவா’ என்பார் கடன் கொடுத்தவர். சொல்லத்தான் செய்வார், அவருக்கு ஆடு சாகக்கூடாதே! அப்போது அந்த 1,600-ஐ அஞ்சலகத்திலோ கூட்டுறவு வங்கியிலோ போட்டு, பாதி அளவு சேர்ந்ததும் கொண்டுபோய் நாலு பேர் முன்னிலையில் நீட்டவேண்டும். அடகுக்கடை நகையைக் கூட்டுறவுச் சங்கத்துக்கோ வங்கிக்கோ மாற்றினால் வட்டி பாதிக்குப் பாதி குறையவும் கூடும். ஆனால் மாற்றும்போது ‘இன்னும் பத்தாயிரம் கூடக் கிடைக்கிறதே’ என்று வாங்கிவிட்டால், பழைய கதைதான்.

1,600 எங்கிருந்து வரும்? 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை, தொடங்கியபோது திங்களுக்கு 1,000 ரூபாய். வந்த அன்றே அடகுக்கடை வட்டிக்கு அது போய்ச் சேர்ந்த வீடுகள் உண்டு. மதுக்கடைக்கு வீட்டுக்காரர் செலுத்தும் பங்கைப் பற்றி நான் எழுதினால் சில தோழர்கள் முகம் சுளிப்பர். சுளிக்கட்டும், அந்த வரியும் ஏட்டில் இருக்கவேண்டும். இன்னொன்று: கடன் அடைக்கும் வேகத்தில் கையைத் துடைத்துவிடலாகாது. செஞ்சிக் கோட்டையில் களஞ்சியங்களைப் பார்த்திருப்பீர்கள். முற்றுகை வரும் என்று அறிந்தவர்கள் மதிலோடு நிற்காமல் நெல்லுக்கும் இடம் கட்டினர். இரண்டு மூன்று ஆயிரமாவது தனியே இல்லாத வீட்டில், ஒரு காய்ச்சல் வந்தால் மறுநாள் தண்டல்காரர் வாசலில் நிற்பார்.

இனி நம் கட்சிக்காரர்களுக்கு மட்டும் ஒரு சொல். புரோகிதரும் சடங்கும் இல்லாத திருமணத்துக்கு 1967-இல் சட்டம் கண்ட நாடு இது. இரண்டு மாலையும் நாலு நல்ல சொல்லும் போதும் என்றோம். புரோகிதர் போய்விட்டார், அவர் இடத்தில் மண்டபமும், தெரு முழுதும் பதாகையும், வானில் பறந்து படம் பிடிக்கும் கருவியும் வந்து உட்கார்ந்துகொண்டன! புரோகிதருக்குத் தந்த தட்சணை எவ்வளவோ மலிவு. தலைவர் வருகைக்கு வளைவு வைக்க மனைவியின் தாலிச்சங்கிலியை அடகு வைத்த தொண்டரைத் தியாகி என்று பாராட்டுகிறோம். அந்தச் சங்கிலி திரும்பியதா என்று எவரேனும் கேட்டோமா?

கேட்கவேண்டும், ஏனெனில் இது வீட்டு விவகாரம் மட்டும் அன்று. ஊரில் கடன் கொடுப்பவர் யார்? பெரும்பாலும் நிலமுள்ளவர், கடையுள்ளவர், செல்வாக்குள்ளவர். கிராம சபையில் ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றிக் கேள்வி கேட்க எழுந்த நம் தோழர், எதிர் வரிசையில் அவரைக் கண்டதும் துண்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறார். கூலி உயர்வு கேட்கும் கூட்டத்துக்கு வருவதாகச் சொன்னவர் வரவில்லை. கோழை என்று நாம் ஏசுகிறோம். அவர் கட்டும் வட்டியில் பணம் பாதி, வாய் பாதி!

தேசிங்குராசன் கதையைத் தெருக்கூத்தில் விடிய விடியக் கண்ட வட்டாரம் இது. 1714-இல் அந்தப் போர் மூண்டது ஒரு பாக்கிக் கணக்கில். ஆர்க்காட்டு நவாப் திறைப் பாக்கியைக் கேட்டார், இளைஞன் தேசிங்கு வாளை உருவினான். பாக்கி கேட்டு வருபவர்முன் வாளை உருவ மன்னனுக்கு இயலும். வாராவாரம் வசூலுக்கு வருபவர்முன் நம் வீட்டுப் பெண் எதை உருவுவாள்? கையிலிருக்கும் வளையலைத்தான்.

ஆகவே கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. படிப்பகத்தில் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம், வட்டிக் கணக்குப் போடத் தெரிந்த ஒருவர் உட்காரட்டும். வருகிறவரின் பெயரை எழுதவேண்டா, கட்சி கேட்கவேண்டா. கொண்டுவரும் சீட்டைப் பார்த்து, ஆண்டு வட்டி இவ்வளவு, இதுவரை கட்டியது இவ்வளவு, முதலில் அடைக்கவேண்டியது இது என்று எழுதித் தந்தால் போதும். மிரட்டல் இருந்தால் 2003-ஆம், 2025-ஆம் ஆண்டுச் சட்டங்களைச் சொல்லிக் காவல் நிலையம் வரை உடன் செல்லுங்கள். அடுத்த மல்லாட்டை மூட்டை செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போவதற்குள், ஒவ்வொரு தோழர் வீட்டு ஏட்டிலும் முதல் பக்கம் எழுதப்பட்டிருக்கட்டும்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்நாள் முதல்.