இடைவெளியை மெஷின் பார்க்கட்டும், கணக்கை நாம் பார்ப்போம்

வேர்ட் தொகுப்பில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் டைப் செய்கிறீர்கள். ஒரு சொல்லில் எழுத்து மாறிவிட்டால், உடனே அதன் கீழே சிவப்பு நிறத்தில் நெளிநெளியாக ஒரு கோடு வருகிறது. திருத்துகிறீர்கள். கோடு மறைகிறது. இதற்காக யாராவது மனம் வருந்தியதுண்டா? இல்லை. அதே பிழையை உங்கள் மேலதிகாரி பத்துப் பேர் முன்னால் சுட்டிக் காட்டியிருந்தால்? அன்று இரவு சாப்பாடு இறங்காது.

புரோகிராம் எழுதுபவர்களுக்கும் இப்படி ஒரு சிவப்புக் கோடு உண்டு. அதைப் பயன்படுத்தாமல் நான் ஒரு தவறு செய்தேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, அதில் பிள்ளைகள் புரோகிராம் எழுதப் பழகும் வீடுகளுக்கு உதவும் என்பதால் அதை இங்கே சொல்கிறேன்.

எனக்குத் திண்டிவனம். அக்கா வீடு விழுப்புரம். அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பைத்தான் மொழியைக் கற்றுக் கொண்டு தன் அப்பாவுக்காக ஒரு சிறிய புரோகிராம் எழுதினான். நெல், மணிலா எத்தனை மூட்டை, கிலோ என்ன விலை என்று கொடுத்தால், மொத்த எடையும் தொகையும் திரையில் வரும். அவர்கள் வீட்டுக் கணக்கில் நெல் மூட்டை என்றால் 75 கிலோ, மணிலா மூட்டை என்றால் 80 கிலோ.

புரோகிராமை எனக்கு அனுப்பி, "பார்த்துச் சொல்லுங்க மாமா" என்றான். நானும் உட்கார்ந்து பார்த்தேன். 23 இடங்களில் குறை எழுதினேன். இங்கே ஸ்பேஸ் விடவில்லை, இந்த வரி மிக நீளம், இங்கே டேப் போட்டிருக்கிறாய், அங்கே ஸ்பேஸ் போட்டிருக்கிறாய். எல்லாமே இந்த வகைதான். அவனும் ஒன்று விடாமல் திருத்தினான்.

பிறகு அவன் அப்பா அதை இயக்கிப் பார்த்தார். "ஏன்டா, பத்து மூட்டை மணிலா எண்ணூறு கிலோ இல்ல? இது எழுநூத்தம்பதுன்னு காட்டுதே!" மணிலாவுக்கும் 75 என்றே எழுதியிருந்தான். 50 கிலோ காணாமல் போயிருந்தது. அந்த வரியை நான் பார்க்கவில்லையா? பார்த்தேன். சமக்குறிக்கு இரு பக்கமும் ஸ்பேஸ் விடு என்று அதே வரியில்தான் எழுதியிருந்தேன்!

இதைவிட வருத்தம் தந்தது அடுத்து அவன் சொன்னதுதான். "இனிமே முழுசா முடிச்சிட்டே காட்டறேன் மாமா." கற்றுக் கொள்ளும் பையன் பாதியில் காட்டப் பயப்படுகிறான் என்றால், குறை என்னிடம்தான்.

மாற்றங்களின் பதிவேடு

இதற்கு என்ன வழி? முதலில் கிட் என்ற சாப்ட்வேர் பற்றித் தெரிந்து கொள்ள வேண்டும். நாம் ஒரு பைலைத் திருத்தும்போது, கடிதம் 1, கடிதம் 2, கடிதம் கடைசி, கடிதம் கடைசியிலும் கடைசி என்று பைல்களாகக் குவிக்கிறோம் அல்லவா? அந்தத் தொல்லை இல்லாமல், ஒரே போல்டரில் நாம் செய்த மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைப்பதுதான் கிட். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் இதை எழுதினார். இலவசமாகவே கிடைக்கிறது. எந்த வரி நீக்கப்பட்டது என்று கழித்தல் குறியிட்டும், எந்த வரி சேர்ந்தது என்று கூட்டல் குறியிட்டும் காட்டும். இப்படி ஒரு மாற்றத்தைப் பதிவதைக் கமிட் என்கிறார்கள்.

கமிட் செய்வதற்குச் சற்று முன்னால் ஒரு சோதனையைத் தானாக இயங்க வைக்கலாம். அதற்கு ஹூக் என்று பெயர். நீங்கள் கிட் தொடங்கிய போல்டருக்குள், கிட் என்ற பெயரில் ஒரு மறைவான போல்டர் இருக்கும். அதனுள் ஹூக்ஸ் என்ற போல்டரைத் திறந்திடுங்கள். ப்ரீ-கமிட் என்ற பெயரில் மாதிரி பைல் ஒன்று தயாராக இருக்கும். பெயரின் கடைசியில் உள்ள புள்ளியையும் சாம்பிள் என்ற சொல்லையும் நீக்கிவிட்டால் போதும், அது வேலை செய்யத் தொடங்கிவிடும். வரியின் கடைசியில் தேவையில்லாத வெற்றிடம் விட்டாலும், டேபுக்கு முன்னால் ஸ்பேஸ் தட்டினாலும் கமிட்டைத் தடுத்து, எந்த வரி என்று சொல்லும்.

பைத்தானுக்கு 2001ல் பெப் 8 என்ற எழுத்து நடை விதிகள் வந்தன. உள்ளே தள்ளி எழுத 4 ஸ்பேஸ், ஒரு வரிக்கு அதிகபட்சம் 79 எழுத்து என்பது போன்ற விதிகள் அவை. இவற்றைச் சோதிக்க பைகோட்ஸ்டைல் என்ற இலவச புரோகிராம் உண்டு. அதையும் ஹூக்கில் சேர்த்துக் கொள்ளலாம். நான் எழுதிய 23 குறைகளையும் இது ஒரு நொடியில் சொல்லியிருக்கும். அவன் மட்டுமே பார்த்திருப்பான். திருத்திய பின்னர்தான் என்னிடம் வந்திருக்கும். என் கண் 75ல் நின்றிருக்கும்.

புதிய வரியை மட்டும்

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாதிரி ஹூக் முழு பைலையும் குறை சொல்வதில்லை. இப்போது மாற்றிய வரிகளை மட்டுமே பார்க்கிறது. இதுதான் சரி என்பது என் கருத்து. பழைய புரோகிராமில் முன்னூறு இடங்களில் இடைவெளி சரியில்லை என்று வைத்துக் கொள்வோம். அத்தனையையும் ஒரே நாளில் திருத்தினால், முன்னூறு மாற்றங்களுக்கு நடுவே 75 என்பது 80 ஆன உண்மையான மாற்றம் யார் கண்ணிலும் படாது. தொட்ட வரியைச் சுத்தம் செய்தால் போதும். வீடு தானாகச் சுத்தமாகும்.

மெஷின் சொல்வதெல்லாம் வேதமா?

இல்லை. அந்த மாதிரி ஹூக்கே நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கில எழுத்து அல்லாத பெயரில் புது பைல் சேர்த்தால் அது தடுத்துவிடும். மணிலா என்று தமிழில் பெயர் வைத்தால் கமிட் ஆகாது! எல்லாக் கம்ப்யூட்டரிலும் பைல் சிக்கலின்றித் திறக்க வேண்டும் என்ற எண்ணத்தில் வைத்த விதி அது. தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் கிட்டின் அமைப்பில் அதை அனுமதிக்கலாம். அது போலத்தான் வரி நீளமும். தமிழ் என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோட் கணக்கில் அது ஐந்து குறியீடுகள். தமிழில் செய்தி காட்டும் வரிகளை நீளம் என்று மெஷின் சொன்னால், அவசரப்பட்டு உடைக்க வேண்டாம்.

லினக்ஸ் கெர்னலுக்கு வரும் மாற்றங்களைச் சோதிக்க செக்பேட்ச் என்ற புரோகிராம் உள்ளது. அதை ஒரு வழிகாட்டியாகக் கொள்ளுங்கள், மனிதரின் முடிவுக்கு அது மாற்று அல்ல என்று கெர்னலின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. அந்தப் புரோகிராம் வெகு காலம் 80 எழுத்துக்கு மேல் போனால் எச்சரித்தது. 2020ல் அதை 100 ஆக்கினார்கள். ஆக, விதிகளும் மனிதர் வைத்தவைதாம்.

இன்னொன்று, ஹூக் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கும். புரோகிராமைப் பிரதி எடுக்கும் நண்பருக்கு அது தானாகப் போய்ச் சேராது. அவரும் தன் பங்குக்கு அமைத்துக் கொள்ள வேண்டும்.

விழுப்புரத்தில் ஜிஎன்யு லினக்ஸ் பயனர் குழு, கட்டற்ற மென்பொருளை கிராமப்புற மாணவர்களிடம் கொண்டு செல்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் கற்கும் பிள்ளைகள் நாளை உலகின் எந்த மூலையில் இருப்பவருக்கும் ஒரு மாற்றத்தை அனுப்பலாம். முதல் மாற்றத்திற்கு வரும் பதில் ஸ்பேஸ் பற்றிய திட்டாக இருந்தால், இரண்டாவதை அனுப்பும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

சென்ற ஞாயிறு பஸ் ஏறி விழுப்புரம் போய், மருமகன் லேப்டாப்பில் இருவரும் சேர்ந்து ஹூக் அமைத்தோம். முதல் கமிட்டே நின்றது. வரிக் கடைசியில் ஒரு ஸ்பேஸ். "இது திட்டுதே மாமா!" என்று சிரித்தான். பாதி எழுதிய அடுத்த பகுதியை அன்றே எனக்குக் காட்டினான். அதில் கணக்கை மட்டும் பார்த்தேன்.