முழங்கால் மடங்காவிட்டால் வணக்கம் குறையுமோ?



குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வட்டாரத்து மூத்த அன்பர்களிடையே ஒரு கவலை அடிக்கடி ஒலிக்கிறது. “முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டால் தரையில் அமர முடியாதாமே! சன்னிதியில் விழுந்து வணங்க முடியாதாமே! பிறகு கோயிலுக்குப் போய்த்தான் என்ன பயன்?” இக்கவலையால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு ஆண்டுக்கணக்கில் வலியைச் சுமப்போர் உண்டு. சிகிச்சை முடிந்த பின்னும், நாற்காலியில் அமர்ந்து வழிபட நாணி வீட்டிலேயே முடங்கிவிடுவோரும் உண்டு. இவ்விரு சாராருக்காகவும் இவ்வாரம் சில சொற்கள்.

முதுமையில் மூட்டு தேய்வதை முன்வினைப் பயன் என்று எண்ணி மனம் நோக வேண்டா. முழங்காலில் எலும்புகள் சந்திக்கும் இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. வயது, உடற்பருமன், பரம்பரை, பழைய காயம், இடைவிடாத உழைப்பு ஆகியவற்றால் அது தேய்கிறது. குழித்தறியில் அமர்ந்து ஆயுள் முழுவதும் மிதி மிதித்த கால்களும், குத்துக்காலிட்டு முந்திரிக்கொட்டை உடைத்த கால்களும், 1956இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனத்தின் சுரங்கங்களில் ஏறி இறங்கிய கால்களும் நம் ஊர்களில் எத்தனை! அவை குடும்பத்தைச் சுமந்து தேய்ந்த கால்கள். வெட்கத்திற்கு அங்கு இடமில்லை.

‘மாற்று’ என்னும் சொல்லைக் கேட்டு, முழங்காலையே எடுத்துவிடுவார்கள் என்று சிலர் அஞ்சுகின்றனர். தேய்ந்த எலும்பு முனைகளை மெல்லிதாகச் செதுக்கி, உலோக உறை பொருத்தி, இடையே உறுதியான பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைக்கிறார்கள். பழுதான பல்லுக்கு உறை போடுவது போன்றதே இது. தசையும் தசைநாரும் பெரும்பாலும் நம்முடையவையாகவே இருக்கின்றன. ஆகவேதான் சிகிச்சைக்குப் பின் அவற்றைப் பழக்க வேண்டியிருக்கிறது.

முன்னாள் பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய் பதவியில் இருந்தபோதே, 2000 அக்டோபரில் இடது முழங்காலுக்கும் 2001 ஜூனில் வலது முழங்காலுக்கும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இச்சிகிச்சையைச் செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. இரண்டாம் சிகிச்சைக்கு அடுத்த மாதமே ஆக்ரா உச்சிமாநாட்டை முன்னின்று நடத்தினார். அக்காலத்தில் இது செல்வர்க்கே உரிய சிகிச்சையாக இருந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுகளுக்கு விலை வரம்பு விதித்தது. அதுவரை சராசரியாக ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற, மிகுதியாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை வரியின்றி 54,720 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளிலும் இது நடைபெறுகிறது. விசாரித்து அறிவது நலம். ‘எத்தனை நாளைக்கு உழைக்கும்?’ என்னும் ஐயத்திற்கும் விடை உண்டு. 2019இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான பெரிய ஆய்வின்படி, முழு முழங்கால் மாற்று மூட்டுகளில் பத்துக்கு எட்டு 25 ஆண்டுகள் வரை நிலைக்கின்றன.

அறுவை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மீட்சிதான் நீண்ட விரதம். அன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து எழுந்து நிற்கச் சொல்வார்கள். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். பலர் ஆறு வாரத்திற்குள் வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறுகின்றனர். மூன்று மாதத்தில் அன்றாட வேலைகள் பெரும்பாலும் கைகூடும். வீக்கமும் வெதுவெதுப்பும் முற்றும் அடங்க ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். பக்கத்து வீட்டார் பத்து நாளில் நடந்தாரே என்று ஒப்பிட்டு வருந்த வேண்டா.

பயிற்சியை நித்திய பூசை போல நியமமாகக் கொள்ளுங்கள். படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுதல், தொடைத்தசையை இறுக்கித் தளர்த்துதல், காலை நீட்டி உயர்த்துதல், குதிகாலைப் படுக்கையில் இழுத்து முழங்காலை மடக்குதல் ஆகியவை பெரும்பாலும் கற்றுத்தரப்படும் பயிற்சிகள். வலிக்கிறதே என்று விட்டுவிட்டால் மூட்டு இறுகிவிடும். இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். கால் மடங்கியபடியே பழகி, நேராக நீளாமல் போகும். தலையணையைக் கணுக்காலுக்கு அடியில் வையுங்கள். காலைச் சந்தி, மாலைச் சந்தி, இடையில் ஒரு வேளை என்று நேரம் வகுத்துக்கொண்டு, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு முறை ஐந்தெழுத்தையோ எட்டெழுத்தையோ சொல்லுங்கள். பயிற்சியும் முடியும், செபமும் நிறையும்.

பக்தர்களுக்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு. திருநீறு நெற்றிக்கு உரியது, தையலின்மேல் இடலாகாது. மஞ்சள், எண்ணெய், தைலம் எதையும் காயம் முழுதும் ஆறும்வரை தடவலாகாது. அதுவரை திருக்குளத்தில் மூழ்குதலும் வேண்டா. ஏகாதசி, பிரதோஷம் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். குறிப்பாக இரத்தம் உறையாதிருக்கத் தரும் மருந்தை ஒரு வேளையும் தவறவிடலாகாது. காயம் ஆறப் பருப்பும் பயறும் பாலும் தேவை. சர்க்கரை நோயுள்ளோர் பிரசாதத்தைச் சிட்டிகையளவு கண்ணில் ஒற்றி உண்டாலே போதும். காய்ச்சல், காயத்தில் நீர்க்கசிவு, கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரை நாடுங்கள்.

கோயிலுக்குள் வலக்காலை முதலில் வைத்து நுழைவது நம் மரபு. ஆனால் படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சிகிச்சை பெற்ற கால் முதலில் என்பது மருத்துவ விதி. வலக்காலில் சிகிச்சை நடந்திருந்தால், வாயிற்படியில் இடக்காலை முதலில் வைத்து ஏறத் தயங்காதீர்கள். விழாமல் உள்ளே போய்ச் சேர்வதே முதன்மை. அபிடேக நீரும் எண்ணெயும் சிந்திய தரையில் ஒருவர் கைபிடித்தே நடங்கள். பெரிய கோயில்களின் சோதனை வாயிலில் மூட்டின் உலோகம் ஒலி எழுப்பினால் அஞ்ச வேண்டா. மருத்துவமனைச் சீட்டின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும்.

இனி, மனத்தை அரிக்கும் அந்த வினாவுக்கு வருவோம். விழுந்து வணங்காத வழிபாடு குறையுடையதா?

நம் மாவட்டத்தில், பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் பிறந்தவர் அப்பர் பெருமான். முதுமையில் கயிலையைக் காணப் புறப்பட்டார். பாதம் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார். கையும் தேய்ந்தது, மார்பால் நகர்ந்தார். அதுவும் இயலாதபோது புரண்டு சென்றார் என்று பெரியபுராணம் உருக்கமாக உரைக்கிறது. இறைவன் ‘இன்னும் புரண்டு வா’ என்று சொல்லவில்லை. முனிவராக எதிர்நின்று தடுத்தான். தேய்ந்த உடலை நலமுறச் செய்தான். அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் செய்து திருவையாற்றில் எழுப்பி, அங்கேயே கயிலைக் காட்சியை அருளினான். அடியவரின் கால் செல்ல முடியாத இடத்தை இறைவன் அடியவரிடம் கொண்டுவந்து சேர்த்தான். உடலை வதைத்து வருவதை அவன் கேட்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மதுரை வெள்ளியம்பலத்துக் கதையும் நினைவுகூரத் தக்கது. இராசசேகர பாண்டியன் நடனம் கற்றபோது அதன் உடல்நோவை உணர்ந்தான். ஒரே காலில் நின்று எப்போதும் ஆடும் பெருமானுக்கு எவ்வளவு வலிக்குமோ என்று கலங்கிக் கால் மாற்றி ஆடும்படி வேண்டினான். பெருமானும் இடக்காலை ஊன்றி வலக்காலைத் தூக்கி ஆடினான். அடியவனுக்காகத் தன் காலையே மாற்றிக்கொண்டவன், அடியவன் மூட்டை மாற்றிக்கொண்டதைக் குற்றமாகக் கொள்வானோ?

செயற்கை மூட்டு நன்கு பழகினாலும் சம்மணமிடுதலும் தோப்புக்கரணமும் பலர்க்கும் கைகூடுவதில்லை. மருத்துவர் இசையாமல் முயலவும் கூடாது. கைகூப்பி நிற்பதும் வணக்கமே. நாற்காலியில் அமர்ந்து தலை தாழ்த்துவதும் வணக்கமே. வலம் வர இயலாதோர் கொடிமரத்தடியில் அமர்ந்து மனத்தால் வலம் வரலாம். வடலூரில் வள்ளலார் 1872இல் தொடங்கிய சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று பெருங்கூட்டம் நெருக்கும். சிகிச்சை பெற்ற முதல் ஆண்டில் அந்நெரிசலைத் தவிர்த்து மாதப் பூசத்தன்று செல்லுங்கள். காண்பது அதே சோதிதான்.

இளையோர்க்கும் ஒரு வேண்டுகோள். தாத்தாவும் பாட்டியும் பயிற்சி செய்யும் வேளையில் அருகில் இருங்கள். கோயிலில் நாற்காலி கேட்க அவர்கள் கூசுவார்கள். அவர்கள் கேட்குமுன் நீங்கள் கொண்டுவந்து போடுங்கள். ஆலய நிர்வாகிகள் சன்னிதி தெரியும் இடத்தில் கைப்பிடியுள்ள நாற்காலிகள் நான்கைப் போட்டு வைத்தால் அதுவும் அடியார்க்குச் செய்யும் தொண்டே.

பெரியோர்களே, கால் தேறும்வரை பொறுமையாயிருங்கள்; தேறியதும் திருக்கோயிலுக்கு வாருங்கள். எழுந்து நிற்கும் ஒவ்வோர் அடியிலும் தில்லைக் கூத்தனின் ஊன்றிய திருவடி உங்களைத் தாங்குவதாக.