அறிக்கையில் எழுதப்படாத ஓர் எண்

பத்திரிகையில் ஓர் எழுத்துப்பிழை நேர்ந்துவிட்டால் மறுநாள் காலையிலேயே யாராவது ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்துச் சுட்டிக்காட்டிவிடுவார். கண்ணுக்குத் தெரியும் தவறு விரைவில் திருத்தப்படுகின்றது. கண்ணுக்குத் தெரியாத தவறோ கேட்பாரின்றித் தொடர்ந்துகொண்டேயிருக்கும். வைத்தியசாலைகளில் எக்ஸ்றே, சி.ரி. ஸ்கான் போன்றவற்றுக்குப் பயன்படும் கதிர்வீச்சில் நேரும் தவறுகள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உடலை ஊடுருவும்போது வலியுமில்லை.

1895 இல் ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் றொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். தொடக்க காலத்தில் அவற்றுடன் பழகியவர்கள் பெரும் விலை கொடுத்தனர். தோமஸ் எடிசனின் உதவியாளரான கிளாரன்ஸ் டாலி கைகள் புண்ணாகி, அவை வெட்டி அகற்றப்பட்ட பின்னரும் 1904 இல் உயிரிழந்தார். பின்னர் பாதுகாப்பு முறைகள் வளர்ந்தன. பிலிம் சுருளில் படம் பிடித்த காலத்தில் வேறொரு காவலும் இருந்தது. கதிர்வீச்சு மிகுந்தால் பிலிம் கறுத்துவிடும். தவறு நேர்ந்ததை எடுத்தவர் உடனே அறிந்துகொள்வார். கணினி வந்ததும் அந்தக் காவல் போய்விட்டது. இன்று அளவு மிகுந்தால் படம் கெடுவதில்லை. இன்னும் தெளிவாகவே தெரிகின்றது. நல்ல படத்தைக் கண்டு முறைப்பாடு செய்வார் யார்?

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள சீடார்ஸ்-சைனாய் புகழ்பெற்ற வைத்தியசாலை. பக்கவாதம் எனச் சந்தேகிக்கப்படுவோரின் மூளை இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சி.ரி. ஸ்கானுக்கான அமைப்புகள் 2008 இல் அங்கு மாற்றப்பட்டன. அதில் நேர்ந்த ஒரு பிழையால் நோயாளர்கள் வழமையான அளவைப் போல் எட்டு மடங்கு கதிர்வீச்சைப் பெற்றனர். அதிகபட்சம் 0.5 கிறே செல்லவேண்டிய தலைக்கு 3 முதல் 4 கிறே வரை சென்றதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009 ஒக்டோபரில் அறிவித்தது. அப்போது தெரியவந்த பாதிக்கப்பட்டோர் தொகை 206. பதினெட்டு மாதங்களாக இது நீடித்தது. இறுதியில் அதனை வெளிப்படுத்தியது எந்தக் கருவியுமன்று. தலைமுடி திட்டுத் திட்டாக உதிர்ந்ததாக முறையிட்ட ஒரு நோயாளரே. இத்தனைக்கும், செல்லும் கதிர்வீச்சின் அளவைக் காட்டும் எண் அந்தக் கருவியின் திரையிலேயே இருந்தது.

இதைப் படித்துவிட்டு வாசகர்கள் அச்சப்படத் தேவையில்லை. மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாகவே நாம் ஆண்டொன்றுக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவேட் கதிர்வீச்சைப் பெறுகின்றோம். நெஞ்சு எக்ஸ்றே ஒன்றில் கிடைப்பது பொதுவாக 0.1 மில்லிசீவேட்டுக்கும் குறைவு. ஆனால் வயிற்றுப் பகுதி சி.ரி. ஸ்கான் ஒன்று 8 முதல் 10 மில்லிசீவேட் வரை கொடுக்கக்கூடியது. இரண்டையும் 'படம் எடுத்தல்' என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுகின்றோம். அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. ஆகியவற்றில் இத்தகைய கதிர்வீச்சு அறவே இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது.

சிறுவர் விடயத்தில் கூடுதல் கவனம் தேவை. பிரித்தானியாவில் இளவயதில் சி.ரி. ஸ்கான் எடுத்த ஏறத்தாழ 178,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2012 இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளியானது. பத்து வயதுக்குட்பட்ட 10,000 பிள்ளைகளுக்குத் தலை ஸ்கான் எடுத்தால், அடுத்த பத்தாண்டுகளில் மேலதிகமாக ஒரு பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோயும் ஒரு பிள்ளைக்கு மூளைக் கட்டியும் ஏற்படலாம் என அது மதிப்பிட்டது. விபத்தில் தலையில் அடிபட்ட பிள்ளைக்கு ஸ்கான் எடுக்கத் தயங்குவது மடமை. ஆனால் தேவையற்ற ஒரு ஸ்கானுக்கு அந்தச் சிறிய ஆபத்தும் அதிகமே.

கதிரியக்கப் பிரிவில் பணிபுரிவோருக்கு, ஐந்து ஆண்டுகளின் சராசரியாக, ஆண்டுக்கு 20 மில்லிசீவேட் என்ற உச்சவரம்பைச் சர்வதேசப் பரிந்துரைகள் விதித்துள்ளன. அவர்கள் சட்டையில் அணியும் அளவுமானி அதனைக் கணக்கிட்டுக்கொண்டேயிருக்கும். நோயாளருக்கோ உச்சவரம்பு கிடையாது. அவர் பெறும் நன்மை ஆபத்தைவிடப் பெரிது என்று வைத்தியர் தீர்மானிப்பதே எல்லை. இது நியாயமான ஏற்பாடுதான். ஆயினும், எல்லை இல்லாத இடத்தில் கணக்காவது இருக்கவேண்டாமா? நான் பார்த்த ஸ்கான் அறிக்கைகளில் அந்த எண்ணைக் கண்டதில்லை.

கலிபோர்னியா மாநிலம் பாடம் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு சி.ரி. ஸ்கானிலும் பயன்படுத்தப்பட்ட கதிர்வீச்சின் அளவு பதியப்படவேண்டும் என்ற சட்டம் 2010 இல் அங்கு நிறைவேறி, 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையிலும் 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் தனியான ஒழுங்குபடுத்தல் பேரவை ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. அரசாங்க வைத்தியசாலை, தனியார் வைத்தியசாலை என்ற பேதமின்றி ஒவ்வொரு சி.ரி. அறிக்கையிலும் அந்த ஓர் எண்ணை எழுதச் செய்யவேண்டும் என்பதே எனது கோரிக்கை. புதிய கருவி எதுவும் வாங்கவேண்டியதில்லை. திரையில் உள்ளதைத் தாளில் எழுதினால் போதும்.

எண்ணைக் கண்டால் நோயாளர் பயந்துவிடுவார் என்று சிலர் கூறக்கூடும். இரத்த அழுத்தத்தையும் சீனியின் அளவையும் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுக்கின்றோமே, அவற்றைக் கண்டு மக்கள் வைத்தியம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்களா? மாறாக, கவனமாக இருக்கவே பழகிக்கொண்டார்கள்.

அதுவரை நாம் செய்யக்கூடியவையும் உண்டு. பழைய படங்களையும் இறுவட்டுகளையும் பத்திரப்படுத்தி, வைத்தியரை மாற்றும்போது உடன் எடுத்துச் செல்லவேண்டும். கொழும்பில் எடுத்த ஸ்கானைச் சென்னையிலும், பின்னர் ரொறன்ரோவிலும் மீண்டும் எடுக்கும் எமது குடும்பங்களுக்கு இது மிகவும் பொருந்தும். கர்ப்பமுற்றிருக்கும் வாய்ப்பு இருந்தால் படம் எடுக்குமுன் சொல்லிவிடவேண்டும். "இந்தப் படம் வைத்தியத்தை எவ்வகையில் மாற்றும்? கதிர்வீச்சு இல்லாத வேறு வழி உண்டா?" என்று வைத்தியரிடம் மரியாதையுடன் கேட்பதில் தவறில்லை. நல்ல வைத்தியர் இக்கேள்விகளால் கோபமடையமாட்டார். அவருக்கும் அந்த எண் தேவைப்படுகின்றது.