மடை திறப்பவரே தீர்ப்புச் சொல்லலாமா?

தென்காசிக்கு அருகே இருக்கிறது இலத்தூர். குளமும் வயலும் சூழ்ந்த ஊர். அங்கே ஒரு விவசாயியிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று விதி போடுகிறவர் ஒருவர். மடையைத் திறந்து மூடுகிறவரும் அவரே. தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்கிறவரும் அவரே. சம்மதமா?"

சம்மதிக்க மாட்டார். வயல் கடைமடையில் இருந்தால் சண்டைக்கே வந்துவிடுவார்!

அரசாங்கமும் அப்படித்தான். சட்டம் இயற்றுவது ஒரு வேலை. அதை நடத்துவது இன்னொரு வேலை. வழக்குத் தீர்ப்பது வேறு வேலை. 1787-ல் அமெரிக்கர்கள் அரசியல் சட்டம் எழுதியபோது, இந்த மூன்றையும் மூன்று கைகளில் கொடுத்தார்கள். 1974-ல் ஜனாதிபதி நிக்சன், தம் அறையில் பதிவான பேச்சு நாடாக்களைத் தர மறுத்தார். "கொடுத்தே ஆகவேண்டும்" என்றது சுப்ரீம் கோர்ட்டு. கொடுத்தார். பதினாறாம் நாள் பதவியும் போயிற்று!

சிரிப்புக்குச் சிறை

நம் ஊர்க் கதை என்ன?

1987-ம் ஆண்டு. ஆனந்த விகடன் அட்டையில் ஒரு சிரிப்புத் துணுக்கு வந்தது. சட்டசபை உறுப்பினரை ஜேப்படித் திருடனுக்கும், மந்திரியை முகமூடிக் கொள்ளைக்காரனுக்கும் ஒப்பிட்ட துணுக்கு. சட்டசபை கொதித்தது. அப்போது சபாநாயகர் பி.எச்.பாண்டியன். பழைய நெல்லை மாவட்டத்துச் சேரன்மாதேவி தொகுதிக்காரர். சபாநாயகருக்கு "வானளாவிய அதிகாரம்" உண்டு என்று சொல்லிப் பெயர் பெற்றவர்.

ஆசிரியர் பாலசுப்பிரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். மூன்று மாதம் கடுங்காவல் என்றது சட்டசபை. சிறைக்கும் போனார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களில் விடுதலை ஆனார்.

அது நல்ல சிரிப்பா, மட்டமான சிரிப்பா என்பது வேறு விஷயம். நேர்மையாக உழைத்த உறுப்பினருக்கு வலித்திருக்கும். வலித்தால் வழக்குப் போடக் கோர்ட்டு இருக்கிறதே! இங்கே புகார் சொன்னது சட்டசபை. விசாரித்ததும் சட்டசபை. தண்டித்ததும் சட்டசபை. இலத்தூர் விவசாயி ஒத்துக்கொள்வாரா?

பாலசுப்பிரமணியன் ஐகோர்ட்டுக்குப் போனார். அந்தக் கைது தவறு என்று 1994-ல் தீர்ப்பு வந்தது. நஷ்டஈடு ஆயிரம் ரூபாய். தொகை சிறிது. ஆனால் சட்டசபைக்கும் மேலே சட்டம் இருக்கிறது என்று அது காட்டியது.

சபைக்கு உரிமையே வேண்டாம் என்பதல்ல. உறுப்பினர் பயமின்றிப் பேச உரிமை வேண்டும். ஆனால் அந்த உரிமைகள் என்னென்ன? அதைச் சட்டம் போட்டு வரையறுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 194-வது பிரிவு 1950-லேயே சொல்லிவிட்டது. அப்படி முழுமையாக வரையறுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் வரவில்லை.

எது குற்றம், எத்தனை நாள் சிறை என்று சபை எழுதிவைக்கட்டும். சிறைக்கு அனுப்பும் வேலையைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளட்டும். ஒரு கூட்டத்தொடரில் முடிகிற காரியம் இது.