‘வீரமரணம்’ என்று முடித்துவிடாதீங்க

இந்தக் கட்டுரையை எழுதப் போறோம்னு சொன்னதும் எங்க குழுவிலேயே ஒரு தோழி கேட்டா: “பதுளைல இருந்துகிட்டு நேவிக்காரனுக்காக நாம ஏன் எழுதணும்? நமக்கு எழுத வேற ஒண்ணும் இல்லையா?”

நியாயமான கேள்வி. ஊவா மாகாணத்துக்குக் கடற்கரையே கிடையாது. சம்பளம், காணி, லயம் என்று எழுத நூறு விசயம் கிடக்கு. அதோடு, யுத்த காலத்தில் ‘டோறா’ என்ற சொல் வடக்கு கிழக்குத் தமிழருக்கு என்ன பயத்தைக் கொடுத்தது என்றும் எங்களுக்குத் தெரியும். அதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை.

ஆனால் 2024 ஜூன் 25 அன்று காங்கேசன்துறைக் கடலில் நடந்ததைப் பாருங்க. எல்லை தாண்டி வந்த இந்திய இழுவைப் படகு ஒன்றைப் பிடிக்கப் போன கடற்படையின் விசேட படகு அணிச் சிப்பாய் ஒருவர் படுகாயமடைந்து இறந்து போனார். இழுவைப் படகு மூர்க்கமாகத் திரும்பியதுதான் காரணம் என்றது கடற்படை. படகிலிருந்த பத்து மீனவர்கள் கைதானாங்க. தெற்கில் ‘வீரமரணம்’ என்றாங்க. தமிழ்ப் பக்கத்தில் பெரும்பாலும் மௌனம். அதோடு செய்தி முடிந்தது.

ஐந்து வாரம் கழித்து, ஆகஸ்ட் 1 அன்று, நெடுந்தீவுக்குப் பக்கத்தில் இராமேஸ்வரம் படகொன்றும் கடற்படைக் கலமும் மோதின. ஒரு மீனவர் இறந்தார், இன்னொருவர் காணாமல் போனார். அதற்கு முன்பு, 2021 ஜனவரி 18 அன்று இதே கடலில் இதே மாதிரி மோதலில் நான்கு பேர் இறந்தாங்க. அதில் ஒருவர் மண்டபம் முகாமில் இருந்த இலங்கை அகதி. அதே வருடம் ஒக்டோபரில் கோட்டைப்பட்டினத்து மீனவர் ஒருவர். நாலு சம்பவம், ஏழு உயிர், காணாமல் போன ஒருவர்.

ஒவ்வொரு முறையும் இரண்டு கதை வரும். ‘அவங்க வந்து மோதினாங்க’ என்று இவங்களும், ‘இவங்க வந்து இடிச்சாங்க’ என்று அவங்களும். யார் முதலில் திருப்பினது என்ற சண்டையில், இரண்டு படகிலும் நின்றவர்கள் வேலைக்குப் போனவர்கள் என்பது காணாமல் போயிடுது. எங்க வாதம் ஒன்றுதான்: இவை வேலைத்தள விபத்துகள். தடுத்திருக்கக் கூடியவை. ‘வீரம்’ என்ற சொல் அதை மூடி வைக்கும் துணி.

கடற்படையின் ‘ஏரோ’ படகு 23 அடி நீளம். ஃபைபர் உடல், பின்னால் அவுட்போட் எஞ்சின். போர்க்காலத்தில் கடற்புலிகளின் சிறு படகுகளை எதிர்கொள்ள, கூட்டமாகப் பாய்ந்து போவதற்காக ஆக்கப்பட்டது. மணிக்கு 55 கிலோமீற்றருக்கு மேல் போகும். தரையில் அது ஒன்றும் பெரிய வேகமில்லை. ஆனால் கடலில் இப்படிப்பட்ட படகு அலைக்கு அலை குதிக்கும். மேலே எழும்பி விழும்போது தண்ணீர் சிமெந்துத் தரை மாதிரி அடிக்கும். படகு நின்றுவிடும், உள்ளே நிற்பவரின் உடம்பு நிற்காது. அந்த அடியை முழங்காலும் முள்ளந்தண்டின் அடிப்பகுதியும்தான் வாங்கும்.

பசறை ரோட்டில் பஸ்ஸின் கடைசி சீட்டில் போனவங்களுக்கு இது விளங்கும். ட்ரைவருக்குக் குழி தெரியும், ஸ்டியரிங் கையில் இருக்கும். கடைசி சீட்டில் இருப்பவருக்கு எந்த நேரம் தூக்கிப் போடும்னே தெரியாது. படகிலும் அப்படித்தான். இரவில், விளக்கில்லாமல் துரத்தும்போது, பின்னால் நிற்பவருக்கு வரும் அலை தெரியாது. முழங்காலை மடக்கித் தயாராக நிற்க நேரம் கிடைக்காது. அதற்கு மேல், ஓடிக்கொண்டிருக்கும் பெரிய மரப் படகு அல்லது இரும்புப் படகு ஒன்றின் பக்கத்தில் ஒட்டி, தாவி ஏறவும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை.

இது யாருக்கும் தெரியாத ஆபத்தும் இல்லை. அமெரிக்கக் கடற்படையின் விசேட படகுப் பிரிவினர் 154 பேரிடம் எடுத்து 2000-இல் வெளிவந்த ஆய்வில், 65 வீதமானவர்கள் படகு வேலையால் காயப்பட்டதாகச் சொன்னாங்க. முதலிடம் இடுப்புக்கு, அடுத்தது முழங்காலுக்கு. பணக்காரக் கடற்படைக்கே இந்தக் கதி. 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம், ஒரு தொழிலாளியின் உடம்பு ஒரு நாளைக்கு எவ்வளவு அதிர்வைத் தாங்கலாம் என்று சட்டத்தில் எல்லை போட்டது. கடல், வான் போக்குவரத்துக்கு விலக்குக் கேட்க அதிலேயே வழியும் வைத்தது. விலக்கு வாங்கினாலும் ஆபத்தைக் குறைக்கும் கடமை போகாது. அதிர்வை உள்வாங்கும் இருக்கைகள் சந்தையில் இருக்கு. ஓட்டுபவரின் காலில் கட்டும் ஒரு கயிறு இருக்கு. அவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சின் உடனே நிற்கும். 2013 மே மாதம் இங்கிலாந்தின் பாட்ஸ்டோவில் ஒரு குடும்பமே வேகப்படகிலிருந்து கடலில் விழுந்தது. கயிறு கட்டியிருக்கவில்லை. ஆளில்லாத படகு சுற்றிச் சுற்றி வந்து அவங்க மேலேயே ஏறியது. இரண்டு பேர் இறந்தாங்க. அந்த நாட்டின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு காரணத்தை வெளிப்படையாக எழுதி, எல்லோரும் வாசிக்கப் போட்டது. ஒரு துண்டுக் கயிறுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

இந்த இடத்தில்தான் இது எங்களுக்கு வெறும் நேவிக்காரன் கதையாகத் தெரியாமல் போகுது.

எங்க அம்மாமாரின் இடுப்பை நாங்க பார்த்து வளர்ந்தோம். செங்குத்து மலையில், வழுக்கும் மண்ணில், கொழுந்தைச் சுமந்து இறங்கின இடுப்பு. சொன்ன கிலோ எடுக்கலன்னா அரைப்பேர். டிஸ்பென்சரிக்குப் போனால் இரண்டு பனடோல். “வயசானா வரும்தானே” என்ற ஒரு வரி. நாற்பது வயதில் வயசானது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. வலி எப்போதும் அவளுடைய சொந்தப் பிரச்சினை, வேலையின் பிரச்சினை ஆகவே இல்லை. அந்த மலையில் ஏறி மருந்தடிக்கும் பயலுகளின் தோளும் நெஞ்சும் அதே கணக்குத்தான்.

ஆபத்து முன்கூட்டியே தெரிந்திருந்தும் ஆட்களை அங்கேயே விட்டு வைப்பது பற்றியும் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரியும் என்று 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கை வந்தது. லயம் அதே இடத்தில்தான் இருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கியது. அதைப் ‘இயற்கை அனர்த்தம்’ என்று எழுதினாங்க. காங்கேசன்துறையில் ‘வீரமரணம்’. பெயர்தான் வேறு, வேலை ஒன்று. இரண்டு சொல்லும் ‘யார் பொறுப்பு’ என்ற கேள்வியைக் கேட்கவிடாது.

பாக்கு நீரிணையிலும் எல்லாம் முன்கூட்டியே தெரியும். தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அது முடிந்ததும் படகுகள் கடலுக்கு வரும். அந்தச் சிப்பாய் இறந்தது தடை முடிந்து பதினோராவது நாள். வாரத்தில் எந்த மூன்று நாள் இழுவைப் படகுகள் வரும் என்று யாழ்ப்பாணத்து மீனவர் வீட்டுச் சின்னப் பிள்ளையும் சொல்லும். அந்த இரவுகளில் அவங்க வலை போடாமல் கரையில் இருக்கிறாங்க. போட்டால் வலை மிஞ்சாது. இலங்கை 2017 ஜூலையில் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. அதே மாதம் இந்தியா, பாக்கு நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. அது இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. கரையில் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல், அதை நள்ளிரவில் ஒரு 23 அடி படகில் நிற்கும் ஐந்தாறு பேரின் தலையில் கட்டியிருக்கிறோம். எதிரே நிற்பதும் முதலாளி இல்லை. கூலிக்கு வந்த மீனவன்.

“படைக்குப் போனா ஆபத்து இருக்கத்தான் செய்யும், சம்பளம் வாங்குறான்தானே” என்று சிலர் சொல்வாங்க. சம்பளம் வாங்குவது வேலைக்கு, முதுகெலும்பை விற்பதற்கு அல்ல. தோட்டத்தில் துரைமாரும் இதைத்தான் காலங்காலமாகச் சொன்னாங்க. “அந்தக் கடற்படை தமிழ் மீனவனைச் சுட்டதே” என்று வேறு சிலர் சொல்வாங்க. சொல்லணும், விசாரணையும் கேட்கணும். ஆனால் அந்தப் படகில் நிற்பவன் பெரும்பாலும் மொனறாகலை, குருநாகல் மாதிரி இடத்து ஏழை வீட்டுப் பையன். காணியும் வேலையும் இல்லாததால் சீருடை போட்டவன். அவனுக்குத் தொழிற்சங்கம் வைக்க உரிமையில்லை. எங்களுக்காவது பெரட்டுக் களத்தில் வேலைநிறுத்தம் செய்து நிற்க முடியும். அவனால் இடுப்பு வலிக்குது என்றுகூடச் சத்தமாகச் சொல்ல முடியாது. அவன் பாதுகாப்பாக வேலை செய்யும் விதிகள் வந்தால், எதிரே இருக்கும் மீனவனும்தான் உயிரோடு கரை சேருவான். இருட்டில் வேகமாகப் போய் இடிக்காத படகு இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

ஆகவே கேட்கிறோம். இந்த மோதல்களை இரண்டு நாடும் சேர்ந்து விசாரிக்கணும், அறிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடணும். ஓடும் படகில் இருட்டில் தாவி ஏறுவதை நிறுத்தணும். அலையின் உயரத்துக்கு ஏற்ற வேக எல்லை, அதிர்வு தாங்கும் இருக்கை, தலைக்கவசம், எஞ்சின் நிறுத்தும் கயிறு எல்லாம் கட்டாயமாகணும். ஒருவர் எத்தனை மணிநேரம் அந்தப் படகில் நின்றார் என்று கணக்கு வைக்கணும். எல்லாவற்றுக்கும் மேலாக, இழுவைமடியைக் கடலில் துரத்தாமல் துறைமுகத்திலேயே நிறுத்தணும். அந்த மீனவருக்கு மாற்றுத் தொழிலும் கொடுக்கணும்.

எழுதி முடித்துத் தோழியிடம் கொடுத்தோம். வாசிச்சிட்டு, “மருந்தடிக்கிற பயலுகளையும் சேருங்க” என்றா. சேர்த்திருக்கோம். அவள் சொன்ன இன்னொன்றையும் சேர்க்கிறோம்: தோட்டத்து டிஸ்பென்சரிப் புத்தகத்திலும் சரி, கடற்படை முகாமின் புத்தகத்திலும் சரி, ‘இடுப்பு வலி’ என்று எழுதும்போது பக்கத்தில் ‘வேலையால்’ என்றும் எழுதணும். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இவ்வளவு சண்டையும்.