அறிவுத்திறனும் சுயக்கட்டுப்பாடும்: தேனி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்



வளரிளம் பருவத்து மாணவரின் மதிப்பெண்ணில் இரண்டு தன்மைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அறிவுத்திறன் என்பது புதியதைப் புரிந்துகொண்டு காரணகாரியம் காணும் ஆற்றல். சுயக்கட்டுப்பாடு என்பது கைக்கெட்டிய இன்பத்தைத் தள்ளிவைத்து, எடுத்த வேலையை முடிக்கும் பழக்கம். முதலாவதைத் தேடிக் கண்டுபிடிக்க அரசிடம் வழி இருக்கிறது: எட்டாம் வகுப்பில் நடக்கும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வில் மனத்திறனுக்கென்றே 90 வினாக்கள், தேர்வு பெறுவோருக்கு மாதம் 1,000 ரூபாய். இரண்டாவதற்குப் பெரும்பாலும் கிடைப்பது அதட்டல்தான்.

ஆனால் இரண்டாவதன் எடை பெரிது. அமெரிக்காவில் உளவியலாளர்கள் ஏஞ்சலா டக்வொர்த்தும் மார்ட்டின் செலிக்மனும் எட்டாம் வகுப்பு மாணவரிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டிறுதி மதிப்பெண்களின் வேறுபாட்டை அறிவுத்திறனை அளக்கும் நுண்ணறிவு ஈவைவிட இரு மடங்குக்கும் மேலாகச் சுயக்கட்டுப்பாடே விளக்கியது. வருகை, வீட்டுப்பாடத்துக்கு உட்காரும் நேரம், தொலைக்காட்சி பார்க்கும் நேரம் எல்லாவற்றிலும் அதன் தடம் தெரிந்தது. டக்வொர்த் குழுவின் 2012ஆம் ஆண்டு ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது: பொதுவான தரத்தேர்வில் அறிவுத்திறன் முந்துகிறது, பள்ளி தரும் மதிப்பெண்ணில் சுயக்கட்டுப்பாடு முந்துகிறது. பள்ளி மதிப்பெண் அன்றாட உழைப்பின் கூட்டுத்தொகை என்பதால் இது இயல்பே.

இதை வைத்து "படிக்காதவன் சோம்பேறி" என்று முடிவு கட்டினால் அது பெரும் அநீதி. இனிப்பை உடனே தின்னாமல் காத்திருக்கும் குழந்தை பின்னாளில் நன்றாகப் படிக்கும் என்ற உளவியலாளர் வால்டர் மிஷெலின் புகழ்பெற்ற முடிவை 2018இல் மறுபடி சோதித்தார்கள். குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு வெகுவாக மெலிந்தது. சூழலின் பங்குக்குத் தமிழ்நாட்டிலேயே அழுத்தமான சான்று உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதியின் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்த ஆய்வு 2013இல் வெளியானது. கையில் பணமில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில், அதே மனிதர்கள் அறிவுத்திறன் சோதனையிலும் மனக்கட்டுப்பாட்டுச் சோதனையிலும் பின்தங்கினார்கள். ஆளும் மூளையும் மாறவில்லை, மாறியது நெருக்கடிதான்.

நம் மாவட்டத்துக் கூடலூரில் இந்த நெருக்கடிக்கு ஒரு நேர அட்டவணையே உண்டு. விடியும் முன்பே ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப், குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. தாய் வீடு திரும்பும்வரை அடுப்பும் தம்பி தங்கையும் செல்போனும் பதிமூன்று வயதுப் பிள்ளையின் பொறுப்பு. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பெரியவர்களுக்கே எளிதல்லாத கட்டுப்பாட்டை அந்தப் பிள்ளை தனியே காட்ட வேண்டியிருக்கிறது.

தேவைப்படுவது அறிவுரை அல்ல, ஏற்பாடு. ஜீப் திரும்பும் நேரம்வரை பள்ளியில் விளக்கெரியும் ஒரு வகுப்பறை, தம்பி தங்கையையும் உடன் அழைத்துவர அனுமதி, மேற்பார்வைக்கு ஊதியத்துடன் ஒருவர், ஒரு கிண்ணம் சுண்டல். வீட்டுப்பாடம் அங்கேயே முடிந்துவிடும். கூடலூரின் அரசுப் பள்ளிகளில் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கி, ஆண்டிறுதியில் வருகையையும் மதிப்பெண்ணையும் முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு வெளியிட ஆணையிட வேண்டும்.